ராத்திரிச் சாவி

அவள் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். மரியாதைக்காக இல்லை. அவள் பிள்ளைகளுக்குச் சங்கடம் வருமே என்பதற்காகவும் இல்லை. மூன்று வருடம் அவள் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். ஒரு நாள்கூட அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூணாம் வீடு. அவ்வளவுதான் நான். பாத்திமா அக்கா நாலாம் வீடு. டீச்சர் அஞ்சாம் வீடு. "ஏட்டி மூணாம் வீடு, வாளிய எடு" என்பாள். எனக்குத் தராத ஒன்றை நான் மட்டும் ஏன் அவளுக்குத் தர வேண்டும்?

அந்தக் காம்பவுண்டு ராஜபாளையத்தில், மில்லுக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. கேட்டைத் திறந்து நுழைந்தால் வலது பக்கம் அவர்களுடைய பெரிய வீடு. இடது பக்கம் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு சின்ன வீடுகள். நடுவில் நீளமான முற்றம், அதில் ஒரு குழாய். முற்றத்தின் கடைசியில், மதிலை ஒட்டி, தகரக் கதவு போட்ட ஒரே ஒரு கக்கூஸ். ஆறு வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் சேர்த்து அது ஒன்றுதான்.

எண்பத்து நாலில் கல்யாணமாகி அங்கே போனேன். எனக்குப் பத்தொன்பது வயது. பிறந்த ஊர் வ. புதுப்பட்டி. அங்கே பெண்களுக்கு ஓடைக்கரைதான். விடியும் முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, கூட்டமாகப் போய்க் கூட்டமாக வருவோம். சம்பந்தம் பேசி முடித்த அன்று என் அப்பா தெருவில் எல்லோரிடமும் சொன்னது மாப்பிள்ளையின் மில் வேலையைப் பற்றி அல்ல. "எம்மக போற வீட்டுல கக்கூஸ் இருக்கு. இனி மழையிலயும் இருட்டுலயும் அவ வெளிய போக வேண்டியதில்ல" என்றுதான். அதற்கு ஒரு பூட்டு உண்டு என்பது அப்பாவுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. ஆண்கள் கேட்டைத் திறந்துகொண்டு சந்து முனையில் இருக்கும் சாக்கடைப் பக்கம் போய் வந்துவிடுவார்கள். சாவி பெண்களுக்குத்தான் வேண்டியிருந்தது.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் வருவாள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. முதுகு வளையாமல் விறைப்பாக நடப்பாள். தகரக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். கக்கூஸ் விளக்குக்கு சுவிட்சும் அவள் வீட்டுக்குள்தான் இருந்தது. அதற்குப் பிறகு யாருக்காவது போக வேண்டுமென்றால் அவளுடைய ஜன்னலைத் தட்ட வேண்டும்.

ஒரே தட்டில் குரல் வரும். அந்தக் குரலில் தூக்கக் கலக்கமே இருக்காது.

"யாரு?"

"மூணாம் வீடு அத்தை."

"ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?"

இதைச் சத்தமாகக் கேட்பாள். ஆறு வீட்டுக்கும் கேட்கும். மில் வேலைக்காரர்கள் தூங்குகிற நேரம், ஆம்பிளைகள் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். பத்தொன்பது வயதுப் பெண் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சாவி ஜன்னல் கம்பி வழியாக வரும். உள்ளே கொஞ்சம் நேரமானால் விளக்கு அணைந்துவிடும். ஒண்ணுக்கு என்று சொல்லிவிட்டு அத்தனை நேரம் என்ன செய்கிறாய் என்று அர்த்தம்.

நான் வருவதற்கு முன்பே பாத்திமா அக்கா ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் பஜாரில் பை, பெல்ட் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார்.

"எதுக்கும்மா ராத்திரி பூட்டுறீக?"

"தெறந்து கெடந்தா டேங்கு நெறைஞ்சு போவும்."

"பகல்ல போனா நெறையாதா?"

"பகல்ல நான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல."



பூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலையில்தான் பொறுக்க முடியாது. ஐந்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஆறு வீட்டுப் பெண்களும் குடத்தோடு நிற்போம். அவள் முதல் ஆளாக வந்து நின்றுகொண்டு, முந்தின ராத்திரிக் கதையை ஒப்பிப்பாள். "நேத்து ரெண்டாம் வீடு ஒரு தடவை. மூணாம் வீடு ரெண்டு தடவை. அஞ்சாம் வீடு மூணு. சாயங்காலம் அம்புட்டுத் தண்ணியையும் குடிச்சிட்டு ராத்திரி என் உசுர வாங்குறது." ஒரு நாளும் அவள் கணக்குத் தப்பியதில்லை. யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள், எத்தனை செம்பு தண்ணீர் ஊற்றிய சத்தம் கேட்டது, எல்லாம் சொல்வாள். குழாயடிக்கு வந்த ஆம்பிளைகள் யாராவது இருந்தால் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்துவாள்.

அவளுக்கு இதில் ஒரு திறமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சரிடம் ஒரு நாள், "அஞ்சாம் வீடு, பத்து நாளா ராத்திரி மூணு தடவை நாலு தடவைன்னு எந்திரிக்கிறீக. சர்க்கரை இருக்கான்னு போய்ப் பாருங்க" என்றாள். டீச்சருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் போய்ப் பார்த்தார். இருந்தது. அன்றிலிருந்து டீச்சர் அவளைப் பற்றி என்ன பேசினாலும் கடைசியில், "இருந்தாலும் நல்லது ஒண்ணு செஞ்சிருக்காக" என்பார். எனக்கு அந்த இருந்தாலும் கிடையாது.

ஏனென்றால் என் விஷயத்திலும் அவள் சரியாகத்தான் கண்டுபிடித்தாள். கல்யாணமான அடுத்த வருடம். நாள் தள்ளிப் போயிருந்தது. என் வீட்டுக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும் என்று மனதுக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தேன். அன்றைக்கு லீவு, கறி எடுத்துச் சமைத்துப் போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் குழாயடியில் அவள் சொன்னாள்: "மூணாம் வீடு ரெண்டு வாரமா ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போறா. முழுகாமத்தான் இருக்கா, பாருங்க." அவர் அப்போதுதான் ராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளைக் கேட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். என் பிள்ளையைப் பற்றி என் புருஷனுக்கு முதலில் சொன்னது அவள்தான்.

மாதம் ஏற ஏற, ராத்திரி நாலு தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை சாவி தருவாள். இரண்டாம் தடவை, "இப்பத்தான போன?" என்பாள். மூன்றாம் தடவை பதிலே வராது. விழித்துத்தான் இருப்பாள், கட்டில் முனகுவது கேட்கும். நான் ஜன்னலடியில் நின்றுகொண்டே இருப்பேன். வெட்கம் பாதி, பயம் பாதி. மாலை நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். சாப்பாட்டுக்குக்கூட ரெண்டு வாய் தண்ணீரோடு சரி. உதடு வெடிக்கும். ஆனாலும் முட்டிக்கொண்டு வருவது நிற்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிற உதை அந்த இடத்தில்தான் விழும்.

வீட்டில் ஒரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தகர டப்பாவில் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு தடவை செய்தேன். காலையில் அதைக் கொண்டுபோய்க் கொட்டும்போது பிடித்துவிட்டாள். ஆறு வீட்டுப் பெண்களுக்கு நடுவில் அந்த டப்பாவைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். "குடியிருக்கிற வீட்டை நாறடிக்கிறதுக்கா வாடகைக்கு விட்டிருக்கேன்?" என்றாள். அதற்குப் பிறகு அந்த டப்பாவை நான் தொடவில்லை.

ஏழாம் மாதம். என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட். பதினோரு மணி மில் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை போய் வந்தேன். ஒரு மணி இருக்கும், மறுபடியும் எழுந்து போய் ஜன்னலைத் தட்டினேன்.

"யாரு?"

"நாந்தான் அத்தை. சாவி."

"ஊருல பிள்ளை உண்டாயிருக்கது நீ ஒருத்திதானா? விடியட்டும், போ."

"முடியல அத்தை. வலிக்கி."

"அடக்கிப் பழகு."

விளக்கைக்கூடப் போடவில்லை. கேட்டைத் திறந்து சந்துக்குப் போகப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்த ஆட்கள் இன்னும் சந்து முனை டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றித் தெரு நாய்கள். திரும்பி வந்து என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஐந்து மணி வரை. பாத்திமா அக்காவை எழுப்பியிருக்கலாம். எழுப்பி மட்டும் அவர் என்ன செய்வார் என்று இருந்துவிட்டேன். ஐந்து மணிக்கு அவள் வந்து பூட்டைத் திறந்தபோது என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவள் பார்த்தாள்.

மறுநாள் ராத்திரி குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. இடுப்பில் யாரோ ஆணி அடிப்பது போல் வலி. மூன்றாம் நாள் என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். புதுப்பட்டியிலிருந்து அம்மா வருவதற்கு அதுதான் பக்கம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "மூத்திரத்தை அடக்கினியா? தண்ணி குடிக்கிறதே இல்லையா?" என்றுதான். அன்று ராத்திரியே வலி கண்டது. ஆண் பிள்ளை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்குகிற அளவு. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருந்தான்.

இதனால்தான் அது நடந்தது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம் என்றார். நான் வேறு காரணம் தேடவில்லை. எனக்கு ஒன்று போதும்.

மூன்று மாதம் புதுப்பட்டியில் அம்மாவோடு இருந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பினேன். முதல் நாள் காலை குடத்தோடு குழாயடிக்குப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாத்திமா அக்கா அழுதார். அவள் தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "விடு. நடக்கிறதுதான். இனி ஒனக்கும் உறக்கம், எனக்கும் உறக்கம்."

ஆறுதலாகச் சொன்னாளோ, வேறு எப்படிச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. அந்த நிமிடம் எனக்கு அழுகை நின்றுபோயிற்று. உனக்கா உறக்கம், பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு அலாரம் கடிகாரம் இருந்தது, ஷிப்ட்டுக்கு எழுந்திருக்க. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி பத்து மணிக்கு ஜன்னலைத் தட்டினேன். பதினொன்றுக்குத் தட்டினேன். பன்னிரண்டரைக்கு, இரண்டுக்கு, மூன்றுக்கு, நாலுக்கு. ஒவ்வொரு தடவையும் மரியாதையாக, "அத்தை, சாவி." தரவில்லையென்றால் போக மாட்டேன். கம்பியைத் தட்டிக்கொண்டே இருப்பேன். அவளுடைய வீட்டுக்காரர் நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம். அவரே எழுந்து உட்கார்ந்து, "குடுத்துத் தொலையேன்" என்று கத்துகிற வரைக்கும்.

காலையில் குழாயடியில் அவள் வாய் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்: "நேத்து மூணாம் வீடு ஆறு தடவை. ஆறும் ஒண்ணுக்கு."

பாத்திமா அக்கா சிரித்துவிட்டார். இத்தனை வருடமாக அவள் கையில் இருந்த கத்தி அந்த ஒரு சிரிப்பில் மழுங்கியது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "திமிரு" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது ராத்திரி பாத்திமா அக்காவும் எழுந்தார். நாங்கள் நேரம் பிரித்துக்கொண்டோம். நான் போய் வந்து அரை மணி கழித்து அக்கா. ஒரு வாரத்தில் டீச்சரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு நடிக்க வேண்டியதே இல்லை, சர்க்கரை. ஜன்னலில் நின்று, "அஞ்சாம் வீடு, ஒண்ணுக்குத்தான்" என்று பிரேயரில் வாசிப்பது போலத் தெளிவாகச் சொல்வார். காலையில் நாங்கள் மூன்று பேரும் அவரவர் கணக்கை உரக்கச் சொல்வோம். ஆம்பிளைகள் இருந்தால் இன்னும் உரக்க. பகலெல்லாம் எங்களுக்குக் கண் எரியும், உலை வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்குவேன். ஆனால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பிள்ளை போன பிறகு எனக்குச் சோறு இறங்கியது அப்போதுதான்.

அவள் தளர்ந்து போவது கண்கூடாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. நேராக நிற்கிற முதுகு கூன ஆரம்பித்தது. ஒரு நாள் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு பகலிலேயே வாசலில் தூங்கி விழுந்தாள், கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. நான் என் வாசலில் நின்று, விரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது ராத்திரி, நான் தட்டிய உடனே ஜன்னல் கம்பி வழியாகச் சாவி பறந்து வந்து முற்றத்தில் விழுந்தது. "நீயே வச்சுக்க. வச்சுக் கும்பிடு. என்னைய உறங்க விடு."

காலையில் பாத்திமா அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கதவு பக்கத்துலயே ஒரு ஆணி அடிச்சு மாட்டிருவோம்ட்டி. யாருக்கு வேணுமோ எடுத்துக்கிறட்டும்" என்றார். டீச்சர் ஆணிகூடக் கொண்டுவந்துவிட்டார். நான் தரவில்லை. "ஒரு ராத்திரி எங்கிட்ட இருக்கட்டும்க்கா. நாளைக்கு மாட்டலாம்" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். சரியென்று விட்டுவிட்டார்.

அன்று ஒன்பது மணிக்கு நான் போய்ப் பூட்டினேன். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அவளும் போகத்தானே வேண்டும், அவள் வீட்டுக்கும் கக்கூஸ் அது ஒன்றுதானே. ஒரு தடவையாவது வருவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தார்.

பதினோரு மணிச் சங்குக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஜன்னலைத் தட்டவில்லை. விரலால் சுரண்டினாள்.

"யாரு?" என்றேன், ஆறு வீட்டுக்கும் கேட்கும்படியாக.

"செத்த சாவியக் குடு."

"யாருன்னு கேட்டேன்."

"நாந்தான்."

"ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?"

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பது மட்டும் தெரிந்தது. நான் காத்திருந்தேன். என்னை அவள் காக்க வைத்த நேரத்தில் பாதி இருக்கும்.

"ஒண்ணுக்கு" என்றாள்.

சாவியைக் கொடுத்தேன். போய் வந்து, அதைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள். படுத்துக் கண்ணை மூடினேன். முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மறுபடியும் சுரண்டும் சத்தம். பிறகு இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவையே எனக்குப் புரிந்துவிட்டது, இது பழிக்குப் பழியாக எழுப்புவது அல்ல என்று. சேலையின் முன்பக்கத்தை அவள் கையால் பிடித்துக்கொண்டிருந்த விதம் அப்படி. ஒரு தட்டில் பதில் சொல்கிற அந்தக் குரலில் ஏன் தூக்கமே இருந்ததில்லை என்று புரிந்தது. விளக்கில்லாமல், சத்தமில்லாமல், சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் போய்வந்து கொண்டிருந்தவள் அவள்தான். பூட்டு இருந்தால் அந்த நேரத்தில் வேறு யாரும் அங்கே வந்து நிற்க மாட்டார்கள்.

புரிந்த பிறகும் நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும், "யாரு? ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?" விடிவதற்குள் ஆறு தடவை.

காலையில் எல்லோரும் குழாயடியில் இருந்தோம். அன்று அவள் முதலில் வரவில்லை, கடைசியாக வந்தாள். குடத்தை வைத்தாள். அவளுடைய வீட்டுக்காரர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்:

"நேத்து பெரிய வீடு ஆறு தடவை."

யாரும் சிரிக்கவில்லை. குடம் நிறைந்து தண்ணீர் வழிந்து ஓடியது. ஒரு சொட்டு வீணானாலும் காம்பவுண்டே அதிரும்படி கத்துகிறவள், அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவளுடைய வீட்டுக்காரர், காது மந்தமானவர், "என்ன சொல்லுதா அந்தப் பிள்ளை?" என்று அவளைக் கேட்டார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"போதும்ட்டி" என்றார் பாத்திமா அக்கா. "நம்ம சாவிக்குத்தான சண்டை போட்டோம்?"

நான் சாவிக்குச் சண்டை போடவில்லை. அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சாவியை அவர் கையில் கொடுத்தேன். அன்றே ஆணி அடித்து மாட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் பூட்டவில்லை. கொஞ்ச நாளில் பூட்டே காணாமல் போயிற்று. அவள் குழாயடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அந்த வயதில் அவளுடைய வீட்டுக்காரர் குடம் சுமந்தார். அடுத்த ஒரு வருடம் அவளை ஜன்னலில் பார்த்ததோடு சரி. எண்பத்து ஏழில் நாங்கள் காலி செய்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டோம். அங்கே எனக்கு மகள் பிறந்தாள். வீடு பார்க்கும்போது வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு எட்டு வருடம் கழித்து அவளைப் பார்த்தேன். டீச்சர் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். டீச்சர் பழைய காம்பவுண்டு ஆட்களுக்கு ஒருவர் விடாமல் பத்திரிகை கொடுத்திருந்தார். சர்ச்சில் கல்யாணம் முடிந்து மண்டபத்தில் விருந்து. பாத்திமா அக்காவும் நானும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அக்கா மணப்பெண்ணைப் பார்க்கப் போன நேரம். சுவரோரமாக ஒரு கிழவி எழுந்து வந்தாள். பாதியாகச் சுருங்கிப் போயிருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. என் முன்னால் நின்று, "இங்க பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?" என்றாள்.

அவள்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கீழே, சமையற்கட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. பத்தடி தூரம். நான் மாடிப்படியைக் காட்டினேன்.

"மேல."

அவள் படியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. நடுவில் திரும்பும் இடத்தில் வெகு நேரம் நின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்துபோய்க் கையைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது.

இறங்கி வர அதைவிட நேரமாயிற்று. வந்தவள் நேராக வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணாம் வீடுதான நீ?"

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அவிய செத்து நாலு வருசமாச்சு" என்றாள். "கடைசிப் பிள்ளை பொறந்ததுல இருந்து எனக்கு இப்பிடித்தான். அவியளுக்கே தெரியாது. கூடப் படுத்திருந்த மனுசனுக்கே தெரியாம முப்பது வருசம் வச்சிருந்தேன். நீ ஒரே நாளுல சொல்லிட்ட."

"எம்பிள்ளை போச்சு" என்றேன். எத்தனையோ வருடமாக அவளிடம் சொல்ல நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. வந்தது அது மட்டும்தான். "ஒனக்கும் உறக்கம், எனக்கும் உறக்கம்னு சொன்னீக."

"சொன்னேன்."

மன்னிப்புக் கேட்பாள் என்று ஒரு நிமிடம் இருந்தேன். கேட்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் குழாயடியில நீ சொன்ன கணக்கு தப்பு" என்றாள். "ஆறு இல்ல, எட்டு. ரெண்டு தடவை உன் ஜன்னல் வரைக்கும் வந்தேன், சுரண்டல. நீ கேக்கிறதுக்குப் பதில் சொல்ல வாய் வரல. முத்தத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன். சேலையோட போயிருச்சு. விடியுறதுக்குள்ள அலசிக் காயப் போட்டேன்."

பந்திக்கு அழைத்தார்கள். என் மகள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். அவள் என் மகளைப் பார்த்தாள். எத்தனை வயது என்று கேட்கவில்லை. தொடவும் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மறுபடியும் சேலையின் முன்பக்கத்தைக் கையால் பிடித்திருந்தாள். இறங்கி வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

அவள் முதல் படியில் கால் வைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"கீழயே ஒண்ணு இருக்கு அத்தை. சமையக்கட்டுப் பக்கம்."

அவள் திரும்பினாள்.

"தெரியும்" என்றாள். "காலையில வந்ததும் அதுக்குத்தான் போனேன். நீ உக்காந்திருக்கியேன்னுதான் வந்து கேட்டேன். நீ மேல கையக் காட்டுன. சரின்னு ஏறுனேன்."

சொல்லிவிட்டுப் படியிலிருந்து காலை எடுத்தாள். சமையற்கட்டுப் பக்கம் போனாள். நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள், தண்ணீர் வைத்தார்கள். எதிர் வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. பரிமாறுகிறவர், "இங்க யாரும் வாராகளா?" என்று கேட்டார்.

"ஒரு ஆள் வருவாக. செத்த இருங்க" என்றேன்.